பாஸான இரத்தம்

1

நம் பள்ளிக்கூடத்து மலருக்குக் கட்டுரை கேட்டு முசிறியிலிருந்து கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. "கடல் கடந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறீர்கள். தேயிலை, பனி, வெள்ளைக்காரத் துரைகள், யானை ஆகியவை பற்றிச் சுவையாக எழுதவும்" என்று கேட்டிருக்கிறார்கள். இந்த மலையில் யானை இல்லை. வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருக்கிறார்கள். தேயிலையைப் பற்றி எழுதலாம் என்றால், நான் கொழுந்து பறித்தவன் அல்ல. பறித்தவர்களின் இருமலுக்கும் பேதிக்கும் மருந்து கலக்கிக் கொடுத்தவன். மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் பனியோடு நிறுத்திவிட்டேன்.

நேற்றுக் காலை, கர்ப்பிணிகளிடம் இரத்தம் எடுக்கும் நாள். லிந்துலைப் பக்கத்திலிருந்து கலியாணம் முடித்து இந்தத் தோட்டத்துக்கு வந்திருக்கும் ஒரு பெண் கையை நீட்டிக்கொண்டு, "ஐயா, எனக்குப் பாஸாகுங்களா?" என்று கேட்டாள். புதிதாக வந்திருக்கும் மருத்துவிச்சி சிரித்துவிட்டாள்.

"இதென்ன பரீட்சையா? மத்தத் தோட்டத்துல யாரும் இப்படிக் கேக்குறதில்ல. இங்க மட்டும் எல்லாரும் பாஸா பாஸான்னு கேக்குறாங்க."

"அது இங்கத்து வழக்கம்" என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு இரத்தம் எதற்காக எடுக்கிறோம் என்பதை நோயின் பெயரோடு சொல்லித்தான் ஊசி போட்டேன். இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன். மருத்துவிச்சியிடம்தான் முழுதும் சொல்லவில்லை. அந்தச் சொல் இந்தத் தோட்டத்தில் நுழைந்தது என்னால். யானைக்குப் பதிலாக அதை எழுதுகிறேன். மலரில் போட முடியாது என்று தோன்றினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். தபால்தலை வைத்திருக்கிறேன், இலங்கைத் தபால்தலை. அது அங்கே செல்லாது என்பது கடிதத்தை ஒட்டிய பிறகுதான் நினைவுக்கு வரும். இரண்டு நாட்டோடு குடும்பம் நடத்துகிறவனின் புத்தி அப்படி.

2

இங்கே என்னை டாக்டரய்யா என்று அழைக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. திருச்சியில் கம்பவுண்டர் பரீட்சை எழுதித் தேறியவன். மண்டபத்தில் அம்மை குத்திக்கொண்டு, தலைமன்னாரில் இறங்கி, ரயிலும் பஸ்ஸும் மாறி, டயகமவுக்கு மேலே நாலு மைல் நடந்து ஏறி வந்தேன். துரை என் கோட்டைப் பார்த்தார். தொழிலாளர்கள் என் தோல்பெட்டியைப் பார்த்தார்கள். மறுநாளே டாக்டரய்யா ஆகிவிட்டேன். மறுக்கத் தோன்றவில்லை. இங்கே நான் சொன்ன பொய்களில், சொல்லாமலேயே சொன்ன முதல் பொய் அது.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. கர்ப்பமான ஒவ்வொரு பெண்ணிடமும் ஐந்தாம் மாதத்துக்குள் கொஞ்சம் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அங்கே மேகநோய்க் கிருமி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். இருந்தால் பெனிசிலின் ஊசி, கணவனுக்கும் சேர்த்து. காலத்தோடு போட்டால் வயிற்றுப் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். போடாவிட்டால் வயிற்றிலேயே செத்துப்போகலாம், பிறந்து சில நாளில் போகலாம். தெளிவான சுற்றறிக்கை. இரண்டு முறை படித்து மேசை இழுப்பறையில் வைத்து மூடினேன்.

காரணம், அந்த நோயின் பெயர். நம் பக்கத்தில் பேச்சுவழக்கில் அதை என்ன சொல்வோம் என்பது உங்களுக்குத் தெரியும்: பொம்பளைச் சீக்கு. ஆண்கள் எங்கோ போய் வாங்கிவந்து வீட்டிலிருப்பவளுக்குக் கொடுக்கிற நோய்க்கு இப்படிப் பெயர் வைத்தவன் ஆணாகத்தான் இருக்க வேண்டும். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற வயதில், முசிறிக் கடைவீதிச் சுவரில் ஒரு லேகிய விளம்பரம் ஆள் உயர எழுத்தில் இருக்கும். அதில் முதல் சொல் 'மேகநோய்'. படிக்க வந்துவிட்ட பெருமையில் அதை உரக்கப் படித்தேன். அப்பா முதுகில் ஓங்கி வைத்தார். சுவரில் எழுதலாம், வாயால் சொல்லக் கூடாது என்று அன்று தெரிந்துகொண்டேன். பள்ளியில் கற்ற எத்தனையோ மறந்துவிட்டது. கடைவீதியில் கற்ற இது மட்டும் கடலைத் தாண்டி என்னோடு வந்திருந்தது. ஒரு கர்ப்பிணியை எதிரே உட்காரவைத்து அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது?

ஆகவே மாதாந்தர அறிக்கையில் 'பெண்கள் இணங்கவில்லை' என்று எழுதினேன். ஒரு பெண்ணிடமும் நான் கேட்கவே இல்லை. பத்து மாதம் இப்படியே எழுதினேன். ஆறாம் மாதத்தில் எனக்கே சலித்துப்போய், 'பலமுறை வற்புறுத்தியும் இணங்கவில்லை' என்று கொஞ்சம் மெருகேற்றினேன்.

அந்தப் பத்து மாதத்துக்குள், ஐந்தாம் லயத்து அங்கம்மாவுக்குப் பிறந்த பிள்ளை மூன்றாம் நாள் செத்தது. லயம் என்றால் நீண்ட ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறைகள். அறைக்கு ஒரு குடும்பம். அங்கம்மாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் சடையனின் மனைவி. முந்திய பிள்ளையும் வயிற்றிலேயே செத்துப் பிறந்தது. அவள் பேச ஆரம்பித்தால் மலையின் அந்தப் பக்கம் கேட்கும். இரண்டாவதையும் புதைத்த பிறகு ஒரு மாதம் அவள் குரல் கேட்கவில்லை.

அவள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்ட அதே வாரம், வைத்திய அதிகாரி அடுத்த மாதம் நேரில் வந்து பதிவேடுகளைப் பார்ப்பார் என்று கடிதம் வந்தது. நான் இழுப்பறையைத் திறந்தேன். திறந்தது கடிதத்துக்குப் பயந்து, அங்கம்மாவுக்காக அல்ல.

3

அப்போது எங்களுக்கு மருத்துவிச்சியாக இருந்தவள் சோமாவதி. வலப்பனைப் பக்கத்துச் சிங்களப் பெண். சோமா நோனா என்று அழைப்பார்கள். அவள் என்னை மாத்தயா என்பாள். சிங்களத்தில் அம்மா, ஐயா என்பது போல. மூன்றே மாதத்தில் தமிழைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் எல்லாவற்றையும் 'றது' என்று முடித்துவிடுவாள். வந்தது, வருகிறது, வரப்போகிறது எல்லாம் அவளுக்கு 'வர்றது'தான். லயத்தில் பிரசவம் பார்க்கும் கிழவி ஒருத்தி கொதிக்கவைக்காத கத்தியால் தொப்புள்கொடியை அறுக்கப் போனபோது, "நீங்க வெட்டுறது, புள்ள சாகிறது" என்றாள். அது விளக்கமா சாபமா என்று புரியாத கிழவி கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். அதன் பிறகு அந்த லயத்தில் கத்தரிக்கோல் கொதித்தது.

சோமா நோனாவை வைத்துக்கொண்டு இரத்தம் எடுக்க உட்கார்ந்தேன். முதல் நாள் ஒருத்தியும் வரவில்லை. பத்து மாதம் நான் எழுதிய பொய் ஒரே நாளில் உண்மையாகிவிட்டது.

அந்தச் சமயத்தில் பிரஜாவுரிமை விசாரணை நடந்துகொண்டிருந்தது. இரண்டு நாடும் சுதந்திரம் அடைந்த பிறகு இங்குள்ள நம் ஜனங்கள் எந்த நாட்டவர் என்ற கேள்வி எழுந்து, இலங்கைப் பிரஜை ஆக விரும்புகிறவர்கள் மனுப் போட வேண்டியிருந்தது. எத்தனை வருஷமாக இருக்கிறாய், நடுவில் இந்தியா போனாயா, கலியாணம் ஆனதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்பார்கள். பெண்கள் கழுத்துத் தாலியைக் காட்டினார்கள். அதிகாரி காகிதம் கேட்டார். அடுத்து எதைக் கேட்பார்களோ என்று தோட்டமே நடுங்கிக்கொண்டிருந்தது.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்க எல்லாரும் கூடும் பெரட்டுக் களத்தில், கணக்கப்பிள்ளை வேலாயுதம் என்னைப் பிடித்துக்கொண்டான். தோட்டத்தில் இங்கிலீஷ் எழுத்துத் தெரிந்த இரண்டாவது தமிழன் அவன். முதல்வன் நான் என்பதில் அவனுக்கு வருத்தம் உண்டு.

"ஐயா, ரத்தத்த எடுத்து எங்க அனுப்புறீங்க?"

"கொழும்புக்கு."

"கவுர்மெண்டுக்கா?"

"கவுர்மெண்டுக்குத்தான்."

"பேரு, லயத்து நம்பரு எல்லாம் எழுதியா?"

"எழுதாம எப்படி?"

வேலாயுதம் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். எல்லாருக்கும் கேட்கும்படி குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வெளங்குதா? ரத்தத்துலயே பாத்துச் சொல்லிப்புடுவாங்க, எது இந்தியா எது சிலோன்னு. வெள்ளக்காரன் மெசினு."

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "நேரமாகுது, மலைக்குப் போங்க" என்றேன்.

மறுநாள் மருந்து காம்பரா என்கிற என் மருந்தறை வாசலில் கர்ப்பிணிகள் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். கர்ப்பிணி அல்லாதவர்கள் அதைவிட அதிகம். எழுபது வயதுக் குப்பாயி கையை நீட்டினாள்.

"நானும் முழுகாமத்தான் இருக்கேன். எழுதிக்குங்க."

"எத்தனை மாசம், பாட்டி?"

"அது கெடக்குது ரொம்ப நாளா."

ஒருவன் தன் கையை நீட்டி, "எம் பொஞ்சாதி கொழுந்துக்குப் போயிருக்கா. எங்கிட்ட எடுங்க. ஒரே வீட்டு ரத்தந்தானே" என்றான். இரத்தத்தில் இலங்கை நன்றாகத் தெரியட்டும் என்று பெண்கள் பால் கலக்காத தேயிலைச் சாயத்தண்ணியை வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்திருந்தார்கள். யாரோ சோமா நோனாவிடம், "ஒங்க ஊரு ரத்தம் மாதிரி வரணும்னா என்னங்க சாப்புடணும்?" என்று கேட்டிருக்கிறார்கள். இரத்தம் ஊற வழி கேட்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"முகுணுவென்ன கீரை திங்கிறது. ஈரல் திங்கிறது. தண்ணி கொதிக்கிறது, குடிக்கிறது."

முகுணுவென்ன என்பது நம் பொன்னாங்கண்ணி. ஒரே வாரத்தில் ஓடைக்கரையில் அது இல்லாமல் போயிற்று. அந்த வருஷம் தோட்டத்துப் பெண்களிடம் சோகை குறைந்திருப்பதை அடுத்த மாதம் வந்த அதிகாரி பாராட்டி எழுதிவிட்டுப் போனார். என் சேவையில் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

வீட்டிலும் நிம்மதியில்லை. என் மனைவி மங்களம், "என் ரத்தத்தையும் அனுப்புங்களேன், நாமளும் மனுப் போட்டிருக்கோமே" என்றாள். நோயின் பெயரை மட்டும் விட்டுவிட்டு உண்மையைச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப ஊரையே ஏமாத்திட்டு வந்துதான் இங்க ரசம் கேக்குறீங்களா?" என்றாள். ஹட்டனில் படித்துக்கொண்டிருந்த மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். "எனக்கு எடுக்க வேண்டாம்ப்பா. நான் இங்கதானே பொறந்தேன். உங்களுக்கும் அம்மாவுக்கும்தான் கஷ்டம்" என்றாள். வந்த விருந்தாளிகளை வழியனுப்புகிற மரியாதை அவள் பேச்சில் இருந்தது. அன்று ரசம் இறங்கவில்லை.

4

முடிவுகள் வந்தபோது நான் மருந்து வாங்க வெளியூர் போயிருந்தேன். துரையும் இல்லை. தபாலைப் பிரித்தவன் வேலாயுதம். அந்தரங்கம் என்று உறைமேல் இங்கிலீஷில் எழுதியிருந்தது. அதைப் படித்ததால்தான் பிரித்தேன் என்று பிறகு சொன்னான். ஆலை வாசலில் நின்று ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்திருக்கிறான். எல்லாருக்கும் 'நெகட்டிவ்'. அங்கம்மாவுக்கு மட்டும் 'பாஸிட்டிவ்'.

அர்த்தம் பிரிப்பதில் அவனுக்கும் பெரிய கங்காணிக்கும் தகராறு வந்ததாம்.

"நெகட்டிவ்னா நேட்டிவ். இந்த ஊரு ஆளுன்னு அர்த்தம்" என்றார் பெரிய கங்காணி.

"அப்ப பாஸிட்டிவ்?"

"அது பாசி புடிச்ச ரத்தமா இருக்கும்."

"கங்காணியாரே, எழுத்துத் தெரிஞ்சவன் நான் சொல்றேன். மொத எழுத்தே பாஸு. பாஸாயிருச்சுன்னு அச்சடிச்சு அனுப்பியிருக்கான். கவுர்மெண்டு எல்லாருக்குமா குடுக்கும்? முப்பது பேத்துல ஒருத்திக்குக் குடுத்தாத்தானே அது கவுர்மெண்டு."

பிரஜாவுரிமை மனுக்கள் திரும்பி வந்த கணக்கைப் பார்த்தவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது.

நான் திரும்பி வந்தபோது அங்கம்மா கழுத்தில் கோயில் மாலையோடு, கையில் பாயசக் கிண்ணத்தோடு மருந்து காம்பரா வாசலில் நின்றாள். பின்னால் சடையன் புதுத் தலைப்பாகையோடு. இன்னும் பின்னால், பாஸாகாதவர்கள்.

"எங்க ரத்தத்துக்கு என்னங்க கொறச்சல்?" என்றாள் ஒருத்தி. "முகுணுவென்ன தின்னு தின்னு வாயெல்லாம் பச்சையாப் போச்சு."

"அவ தின்ன கீரை ஒங்க தோட்டத்து வேலியோரம் பறிச்சதாமே. எங்களுக்குச் சொன்னீங்களா?" என்றாள் இன்னொருத்தி.

அவள் கொண்டுவந்திருந்த கொழும்புச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: எனக்கு முதலில் வந்தது நிம்மதி. ஒரு நோயாளியின் இரகசியம் இவ்வளவு பகிரங்கமாகவும் இவ்வளவு பத்திரமாகவும் எந்த ஆஸ்பத்திரியிலும் இருந்திருக்காது. பாயசத்தை வாங்கிக் குடித்தேன்.

அங்கம்மாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம் தொடங்கியிருந்தது. மூன்று நாளுக்கு ஒன்றாக நாலு ஊசி போட வேண்டும். மறுநாள் கூப்பிட்டேன். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"பாஸான ரத்தத்துல எதுக்குங்க மருந்தக் கலக்கணும்? கெட்டுப்போச்சுன்னா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பாஸானவங்களுக்குத்தான் இந்த ஊசி. உறுதிப்படுத்துறதுக்கு" என்றேன்.

முகம் மலர்ந்து போட்டுக்கொண்டாள். சடையனைக் கூப்பிட்டால், "நான் பரீட்சையே எழுதலீங்களே, எனக்கெதுக்கு?" என்று மலைக்குப் போய்விட்டான். அவனுக்குப் போடாவிட்டால் அவளுக்குப் போட்டும் பயனில்லை. அவளுக்கு நோய் மறுபடி அவனிடமிருந்தே வரும். சோமா நோனா ஊசிக் குழாயைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

5

மூன்றாம் நாள் அங்கம்மா இன்னொரு கர்ப்பிணியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"ஐயா, இது எங்க நாத்தனா ராமாயி. நாலு மாசம். இவளுக்கு நெகட்டிவுன்னு வந்திருச்சு. சோறு திங்க மாட்டேங்குறா, இந்தியாவுக்கு அனுப்பிருவாங்கன்னு. எனக்கு ஒரு ஊசி போட்டுட்டீங்கல்ல? மிச்சம் மூணையும் இவளுக்குப் போட்டுருங்க. இவளும் உறுதியாகட்டும்."

"உனக்கு?"

"எனக்கு ஒண்ணு போதுங்க. நான் மட்டும் இங்க இருந்துக்கிட்டு யாரோட சண்ட போடுறது?"

ராமாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கையை நீட்டினார்கள்.

நான் ஊசியோடு நின்றேன். ஒருத்திக்குத் தேவையில்லாத மருந்து. மற்றவளின் பிள்ளைக்கு அது உயிர். அவள் அதைத் தூக்கிக் கொடுக்கிறாள், என் பொய்யை நம்பி. இன்னொரு பொய் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆளுக்கு நாலு என்று கவுர்மெண்டு சட்டம், மாற்றிப் போட முடியாது என்று சொன்னால் அன்றைக்குத் தீர்ந்துவிடும். சோமா நோனா ராமாயியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினாள்.

"மாத்தயா" என்றாள், "நீங்க பொய் சொல்றது. புள்ள சாகிறது."

6

"உக்காரு, அங்கம்மா" என்றேன்.

"ஒங்க முன்னால ஒக்காந்து பழக்கமில்லீங்க."

"இன்னைக்கு உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். நான் தொடங்கினேன். மனித உடலில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று சொன்னேன். கிருமி என்பது கண்ணுக்குத் தெரியாது என்று சொன்னேன். அது எப்படியெல்லாம் பரவலாம் என்று ஈ, கொசு, அழுக்குத் தண்ணீர் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு வந்தேன். கடைவீதிச் சுவருக்குப் பக்கத்தில் வந்ததும் மறுபடி ஈயிடம் திரும்பிப் போனேன். அங்கம்மா மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

சோமா நோனாவால் பொறுக்க முடியவில்லை. "ரத்தத்துல பூச்சி. புருசன் குடுக்கிறது" என்றாள்.

பிறகு நான் நோயின் பெயரைச் சொன்னேன். ஐம்பது வயதுக்கு மேல் என் வாயிலிருந்து அந்தச் சொல் இரண்டாம் முறையாக வந்தது. யாரும் என்னை அடிக்கவில்லை.

அங்கம்மா கேட்ட முதல் கேள்வி: "அப்ப நான் பாஸ் இல்லையா?"

"இல்ல."

"பாயாசமெல்லாம் வச்சுக் குடுத்தேனே."

"குடிச்சேன். தப்புதான்."

அவள் மாலையில்லாத கழுத்தைத் தடவிக்கொண்டாள். "மொதப் புள்ள?"

"இதனாலதான் இருக்கும்."

"ரெண்டாவது?"

"அதுவும்."

"என்னையப் பேயி புடிச்சிருக்குன்னு எங்க மாமியா மூணு தடவ மந்திரிச்சாங்க. ரெண்டு சேவலு அறுத்தாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "பேயி இவருதானா?"

சிரிப்பதா என்று தெரியாமல் நான் சோமா நோனாவைப் பார்த்தேன். அவள் ஊசியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"போடுங்க" என்றாள் அங்கம்மா. போட்டுக்கொண்டு எழுந்து சேலையைச் சரிசெய்தாள். "வெளிய யாருக்கும் இது தெரிய வேணாங்க. பாஸுன்னே இருக்கட்டும். பொறாமப்படட்டும். பரிதாபப்பட வேணாம்."

மறுநாள் சடையனை அவளே கூட்டிவந்தாள்.

"சட்டையக் கழட்டுங்க" என்றாள்.

"எனக்கெதுக்குடி?"

"நான் மட்டும் பாஸானாப் போதுமா? நீங்க நானுஓயாப் பக்கம் போயி வருசக்கணக்காப் படிச்சிட்டு வந்தீங்களே, அதுக்கும் பாஸாக வேணாமா?"

சடையன் என்னைப் பார்த்தான். நான் பார்வையை விலக்கவில்லை. அவன் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான்.

"சட்டை இல்ல. வேட்டிய எறக்குறது. திரும்பிப் படுக்கிறது" என்றாள் சோமா நோனா.

நாலு ஊசிக்கும் வந்தான். நாலு முறையும் அங்கம்மா கூடவே நின்று எண்ணினாள்.

பெரட்டுக் களத்துக்குப் போய் நான் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். அவள் பெயரை விட்டுவிட்டு. இந்த இரத்தத்துக்கும் பிரஜாவுரிமைக்கும் சம்பந்தமில்லை, தாயிடமிருந்து பிள்ளைக்கு நோய் வராமல் தடுக்கத்தான், நெகட்டிவ் என்றால் நல்லது என்றேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். வேலாயுதம் என்னிடம் ஒதுங்கி வந்து, "பாஸாகாதவங்க மனசு நோகக் கூடாதுன்னு பேசினீங்க பாருங்க, அதாங்க பெரிய மனுசத்தனம்" என்றான். பத்து மாதப் பொய்யை மேலதிகாரிகள் நம்பினார்கள். ஐந்து நிமிஷ உண்மை ஒருவரிடமும் விலைபோகவில்லை.

சடையனின் மனு பின்னால் தள்ளுபடியாயிற்று. தகப்பன் சாவுக்கு இந்தியா போய்த் திரும்பியதில், தொடர்ந்து இங்கே இருந்த வருஷக் கணக்கு உடைந்துவிட்டது. என்னுடையதும் தள்ளுபடிதான். துரை கொடுத்த சான்றில் 'டாக்டர்' என்று இருந்தது, என் மனுவில் 'கம்பவுண்டர்' என்று இருந்தது. இரண்டு பேரும் ஒரே ஆள் என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை.

7

பிள்ளை மருந்து காம்பராவிலேயே பிறந்தது. சோமா நோனா முழங்கை வரை கையைத் தேய்த்துக் கழுவி, என்னையும் கழுவவைத்து, பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டாள். பெண் குழந்தை. அழுத அழுகையில் தாயின் குரல் இருந்தது. மூன்றாம் நாள் நான் ஐந்தாம் லயத்துப் பக்கம் காரணமில்லாமல் நாலு முறை போனேன். அழுகை கேட்டது. ஏழாம் நாளும் கேட்டது.

முப்பதாம் நாள் தீட்டுக் கழித்து அங்கம்மா குழந்தையை எடை பார்க்கத் தூக்கிவந்தாள். தராசில் கிடத்திவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஐயா இல்லாட்டி இந்தப் புள்ள இல்ல. நீங்கதான் ஒரு பேரு வைக்கணும்."

அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நல்ல பெயர் சொல்லிவிட்டு, கிடைக்கும் வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். என்னால் முடியவில்லை. நான் நல்லவன் என்பதால் அல்ல. அவள் சொன்ன நன்றியை வைத்துக்கொள்ள இடமில்லாமல் போயிற்று.

"அங்கம்மா, ரத்தம் எடுக்கச் சொன்ன காகிதம் வந்து பத்து மாசம் என் மேசைக்குள்ள கிடந்தது. சொல்ல வெக்கப்பட்டு வச்சிருந்தேன். உன் ரெண்டாவது பிள்ளை வயித்துல இருந்தப்பவே அது இங்க இருந்தது. அப்பவே எடுத்திருந்தா அது பிழைச்சிருக்கும்."

அவள் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடவில்லை.

"அது ஆம்பளப் புள்ளைங்க" என்றாள்.

நான் தராசின் முள்ளைப் பார்த்தேன்.

"அது செத்ததுக்கு நீங்க என்னமோ எழுதினீங்களே. அந்தப் பெரிய புத்தகத்துல. என்னன்னு எழுதினீங்க?"

பதிவேட்டை எடுத்து, பக்கத்தைத் தேடி, இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னேன். "பலவீனம்."

"யாருக்குங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை. பிள்ளைக்கா தனக்கா என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினாள். மாமியார் வீட்டில் இரண்டு வருஷமாக அந்தச் சொல்லை அவள் மேல் போட்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். பலவீனம் யாருடையது என்று என் முகத்தைப் பார்த்தே அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். காத்திருக்கவில்லை. குழந்தையைத் தராசிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மறுபக்கம் திரும்பினாள்.

"நோனா, நீங்க ஒரு பேரு சொல்லுங்க."

சோமா நோனா கையைத் துணியில் துடைத்தாள். "நான் பேரு வைக்கிறதா?"

"ஆமாங்க நோனா" என்றாள் அங்கம்மா. "நீங்க வைக்கிறது."